வறுத்த கூழாங்கல்

கல்லை வறுத்து விற்கிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்ஷி ஊரின் ஆற்றங்கரைச் சந்தையில், பகல் பதினொரு மணிக்கு, என் மனைவி ருய்லானோடு அந்தக் கல்லுக்காகக் காத்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. கடைக்காரி இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி, பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய் என்று அள்ளிப் போட்டு, நெடி மூக்கில் ஏறிய நேரத்தில் ஒரு கிண்ணம் கூழாங்கல்லைக் கொட்டினாள். லாரியிலிருந்து ஜல்லி இறக்குவது போல் சத்தம். வெளியூர்க்காரர்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள். அந்தக் காலத்துப் படகோட்டிகள், கொண்டுவந்த காய்கறி தீர்ந்துபோனால், ஆற்றுக்கல்லை இப்படி வறுத்துச் சப்பிக்கொண்டே சாராயம் குடிப்பார்களாம். இல்லாத கொடுமைக்குப் பிறந்த பண்டம். இப்போது தட்டு பதினாறு யுவான்.

"உறிஞ்சணும், துப்பணும், அவ்வளவுதான். ஆசையில முழுங்கிடாதீங்கண்ணே, ஆஸ்பத்திரி தூரம்" என்று சொல்லித் தட்டை வைத்தாள் கடைக்காரி. பக்கத்து மேசையே சிரித்தது.

முழுங்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஐந்து மணி நேரம் ரயிலில் வந்திருந்தோம். ருய்லானுக்கு உணவுக்குழாயில் புற்று. இரண்டு மாதமாகக் கஞ்சித் தண்ணீர் தவிர வேறெதுவும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. முப்பது வருஷம் பஞ்சாலைச் சமையற்கூடத்தில் எண்ணூறு பேருக்குச் சமைத்தவள் அவள். மிளகாய் இல்லாத குழம்பைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று கேலி பேசியவள். அவளுக்குப் புற்று என்று தெரியாது. புண் என்று சொல்லி வைத்திருந்தோம்.

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மருத்துவர் நோயாளியை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரர்களை வராந்தாவுக்கு அழைப்பார். அன்று உள்ளே அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே நானும் மகன் ஹைபோவும். அறுவை செய்து பார்க்கலாம், இரண்டு மூன்று வருஷம் கிடைத்தாலும் கிடைக்கலாம், மேசையிலேயே உயிர் போனாலும் போகலாம் என்றார் மருத்துவர். "அம்மாவ எதுக்குப்பா அறுத்துக்கிட்டு? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும். அவங்ககிட்ட மூச்சு விட்டுடாதீங்க" என்றான் ஹைபோ. அறுவை வேண்டாம் என்ற தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருஷம் பேருந்து ஓட்டிய கை என்னுடையது. அன்று சொந்தப் பெயரை அடித்துத் திருத்தி எழுதவேண்டி வந்தது.

ருய்லான் சாப்பாட்டுக் குச்சியால் ஒரு கல்லைப் பிடிக்கப் பார்த்தாள். வழுக்கியது. குச்சியை வைத்துவிட்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் ஒரு பக்கம் புடைத்தது. கண்ணை மூடினாள். காரம் ஏறி நெற்றியில் வியர்வை துளிர்த்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சாப்பிடுகிறவளின் முகம் வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகை முட்டியது. நல்லவேளை, மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

"பூண்டு கொஞ்சம் தீஞ்சிருக்கு. இருந்தாலும் பரவால்ல, கை தெரிஞ்சவதான்" என்றாள்.

அடுத்தடுத்து எடுத்தாள். நானும் ஒன்று போட்டுக்கொண்டேன். ஏழெட்டுக் கல் ஆனதும் துணியில் விரலைத் துடைத்தபடி, தக்காளி விலையைப் பற்றிப் பேசும் குரலில் சொன்னாள்.

"யோவ், உனக்கு வேற டப்பாவே கிடைக்கலையா?"

"என்ன டப்பா?"

"கால்சியம் டப்பா. உங்கப்பாவுக்குப் புத்து வந்தப்ப மாத்திரைய அதுல மாத்திப் போட்டது யாரு? நான். லேபிள்ல இருந்த பழைய தேதிய நகத்தால சுரண்டினது யாரு? அதுவும் நான். எனக்கே அதே டப்பாவ நீட்டுற. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன், அந்தச் சோற்றை வடித்தவளிடமே கொண்டுபோய் நீட்டினால் அவனுக்கு என்ன பெயர்? வாயிலிருந்த கல்லைத் துப்பினேன்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீ குழாயத் திறந்துவிட்டுட்டுக் குளியலறையில அழற. வெளிய வந்து 'புண்ணு ஆறிட்டு வருது'ங்கற. பாவமா இருந்துச்சு. சரி, நடிச்சுட்டுப் போறான்னு விட்டுட்டேன்."

அடுத்த கல்லை எடுத்தவள் அதை வாயில் போடாமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். "உங்கப்பா சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி என் கையப் புடிச்சுக்கிட்டாரு. 'என்ன வியாதின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா தம்பியப் போயி ஒரு தடவ பாத்திருப்பேனேம்மா'ன்னாரு. இருபது வருஷமாப் பேசாத தம்பி. அப்பவும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'குளிர் முடியட்டும் மாமா, எல்லாரும் சேந்து போலாம்'னேன். இத உங்கிட்ட நான் சொன்னதே இல்ல."

எனக்கு என் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. கடைசிவரை வலியே இல்லாமல் போனார் என்று பதினொரு வருஷமாக ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத" என்றாள். "அறுக்கலாம்னு டாக்டர் சொன்னாரா?"

ஹைபோ சொல்லிக் கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியது போல நடித்திருப்பாள்.

"சொன்னாரு."

"யாரு வேணாம்னது?"

"நான்தான். கையெழுத்துப் போட்டேன்."

"ஹைபோ சொல்லித்தானே?"

"அவன் சொன்னான். போட்டது நான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கடைக்காரி அடுத்த தட்டுக்குக் கல்லைக் கொட்டினாள். அந்த இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து ருய்லான் கேட்டாள்.

"இப்பப் போயிக் கேட்டா?"

"போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்கல்ல. ஈரலுக்கும் போயிடுச்சு, லான். இனிமே கத்தி வைக்க முடியாதாம்."

ஆற்றில் சுற்றுலாப் படகொன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், தட்டைத் தள்ளுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்கு அறுபத்திமூணுதான் ஆகுது" என்றாள். "செத்தாலும் பரவால்ல, அறுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்யா நான்."

நாங்கள் அவளுக்குக் கொடுத்ததாக நினைத்த நிம்மதி எங்களுடையது. மூன்று மாதமாக அந்த நிம்மதியில்தான் நானும் என் மகனும் தூங்கியிருக்கிறோம்.

ருய்லான் மீதிக் கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சப்பினாள். சப்பியதைத் தட்டின் மறு ஓரத்தில் வைத்தாள். அவசரப்படவில்லை. கடைசிக் கல்லும் ஆனது. எண்ணெயும் மிளகாயும் போன கற்கள் வெளுத்துக் கிடந்தன. தட்டு வந்தபோது எப்படி நிறைந்திருந்ததோ அப்படியே நிறைந்திருந்தது.

கடைக்காரி ஈரத் துணியோடு வந்தாள். "அடேயப்பா! எல்லாரும் போட்டோ புடிச்சுட்டு ரெண்டு கல்லச் சப்புவாங்க, எந்திரிச்சுப் போயிடுவாங்க. மொத்தத் தட்டையும் முடிச்சது நீங்கதான்க்கா" என்று தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

ருய்லான் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"எடுக்காதம்மா. நான் இன்னும் முடிக்கல."

வெளுத்த கல்லொன்றை எடுத்து மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கன்னம் புடைத்தது. கடைக்காரி நீட்டிய கையை மடக்காமல் என்னைப் பார்த்தாள்.