வெள்ளிக்கிழமைகளில் திறக்காத புரோகிராம்

1988 ஜூலை 22, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தாராவியில் ஜெயினுலாப்தீனின் தோல் மண்டியில் இருந்த கம்ப்யூட்டர், பதினான்காவது தடவையாகச் சாவி ஃப்ளாப்பியைப் படிக்க மறுத்தது.

தோல் வாங்கி விற்பதற்கான புரோகிராம் அது. எந்த லாட் என்ன தரம், யாருக்குப் போகிறது என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. மெட்ராஸ் கம்பெனி லைசென்ஸோடு ஒரே ஒரு சாவி ஃப்ளாப்பி கொடுத்திருந்தது. தினமும் காலையில் அதைச் சொருகினால்தான் புரோகிராம் திறக்கும். முறையாக லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடம்பிடித்தவள் ஆபிதா. அன்றிலிருந்து அந்த மெஷினுக்கு முன்னால் உட்காருபவளும் அவள்தான்.

புரோகிராம்களைத் திருட்டுக் காப்பி எடுத்து விற்கும் கணேசபாண்டியன் ஃப்ளாப்பிப் பெட்டியோடு வந்து நின்றான்.

"சாவியும் வேண்டாம், பூட்டும் வேண்டாம் பாய். வடாலாவுல நாலு ஆபீஸ்ல ஓடுது. அரை மணியில சாலு பண்ணி ஓட வச்சுத் தாரேன்."

"கல்யாண்ல ஒரு கடையில உங்க காப்பி லாட்டையெல்லாம் முழுங்கிட்டாமே?" என்றாள் ஆபிதா.

"அது மெஷின் கோளாறு, தங்கச்சி."

"இதுவும் மெஷின் கோளாறுதான்."

ஜெயினுலாப்தீன் கையை உயர்த்தினார். "போதும். நான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்புறதுக்குள்ள திறக்கணும், ஆபிதா. இல்லன்னா பாண்டியன் காப்பிதான். அவன் ஆளு வந்து அந்தச் சேர்ல உக்காருவான். இன்னொரு தரம் போட்டுப் பாரு."

"மாட்டேன் மொதலாளி. இன்னும் தேச்சா தட்டு கீறிப்போவும். இருக்கது ஒண்ணே ஒண்ணு."

அந்த மண்டியில் அவரிடம் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. தராசருகே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டாள். பழைய ஃப்ளாப்பியைத் தபாலில் அனுப்பினால் பத்து நாளில் மாற்றுத் தருவதாகச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுத் தன் நோட்டைப் புரட்டினாள். தினமும் எத்தனை தடவையில் புரோகிராம் திறந்தது என்று எழுதி வைப்பது அவள் வழக்கம். மற்ற நாட்களில் ஒன்று. கடைசி மூன்று வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மூன்று, ஐந்து, ஒன்பது.

ஃப்ளாப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். படிக்கும் இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. முகர்ந்தாள். தோல் வாடையையும் மீறி சாம்பிராணி மணந்தது.

வியாழக்கிழமைதோறும் மக்ரிப் தொழுகை முடிந்ததும் முதலாளியே தணலேந்தி மூலை மூலையாகப் புகை காட்டுவார்.

"நேத்து மெஷின் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னீங்களோ, மொதலாளி?"

"நிக்காம? இந்த மண்டியிலயே வெல கூடுன சாமான்லா அது! போன மாசம் கண்ணு பட்டுட்டுன்னு ரெண்டு சுத்து கூடவே காட்டுதேன்."

"ஓடுற மெஷின் அது. உள்ள இருக்க ஃபேன் ஃப்ளாப்பி சொருகுற வாசல் வழியா காத்த இழுக்கும். நீங்க காட்டுன புகையையும் சேத்து இழுத்திருக்கு. வெள்ளிக்கிழம தேச்சுத் தேச்சுத்தான் அது போயிருக்கு."

கணேசபாண்டியன் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து ஸ்பிரிட் வாங்கிவரச் செய்தாள். கரண்டைப் பிடுங்கி, மூடியின் திருகுகளைக் கழற்றி வரிசையாகக் காகிதத்தில் வைத்தாள். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஃப்ளாப்பியைப் படிக்கும் ஹெட்டை விரல் அழுத்தாமல் துடைத்தாள். மாட்டுங்காவில் கம்ப்யூட்டர் படித்தபோது ஒரே ஒரு தடவை பார்த்த வேலை. முதல் பஞ்சு தேயிலைத் தூளைத் தொட்டதுபோல் வந்தது. ஐந்தாவது வெள்ளையாகவே திரும்பியது. ஃப்ளாப்பியில் தெரிந்த பழுப்புக் கோட்டையும் புதுப் பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தாள். ஸ்பிரிட் உலரும்வரை அவள் சேரில் உட்காரவில்லை.

பன்னிரண்டே காலுக்குச் சாவி ஃப்ளாப்பியைச் சொருகினாள். கரகரவென்று இரண்டு சத்தம். லாட் பட்டியல் திரைக்கு வந்தது.

ஜெயினுலாப்தீன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "பாண்டியா, வடாலாவுல உன் காப்பி நின்னுபோச்சுன்னா எங்க ஆபிதாவக் கூப்பிடு. நான் அனுப்பி வைக்கேன்."

கணேசபாண்டியன் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினான்.

அடுத்த வியாழக்கிழமை சாம்பிராணிப் புகை கம்ப்யூட்டர் அறை வாசலோடு திரும்பியது. மறுநாள் காலை ஆபிதா நோட்டில் ஒன்று என்று எழுதினாள்.