ஒரு புழுகூட இல்லாத மண்

நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடித் தட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினாள் நூலம்மா. ஒன்றுமில்லை. திருப்பி நகர்த்தினாள். தண்ணீர், நாலைந்து மண் துகள். அவ்வளவுதான்.

பயிரின் வேரைக் குடையும் நூற்புழுவைத் தேடிப் பிடிப்பது அவள் உத்தியோகம். அதனால்தான் ஆய்வகத்தில் அந்தப் பெயர். தோட்டம் தோட்டமாகப் போய் மண்ணைத் துளைத்து எடுத்து வருவாள். புனலில் மெல்லிய காகிதம் விரித்து, மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு வைப்பாள். உயிருள்ள புழு நெளிந்து நெளிந்து காகிதத்தைத் தாண்டி அடியில் இறங்கிவிடும். மறுநாள் குழாயைத் திறந்து தட்டில் பிடித்தால் அந்த மண்ணின் வண்டவாளம் மொத்தமும் தெரிந்துவிடும்.

இன்று பிடித்தது தம்பியின் நாற்றுப்பண்ணை மண். மனசுக்குள் தெய்வத்தையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேதான் திறந்தாள்.

பள்ளத்தாக்கு முழுக்கப் புதிதாகக் கொய்யா வைக்கப் போகிறார்கள். அத்தனை கன்றும் தம்பியிடமிருந்துதான். வேர்முடிச்சுப் புழு ஒரு தடவை நிலத்தில் குடியேறிவிட்டால் அதை முழுசாகக் கிளப்ப முடியாது. ‘புழு இல்லை’ என்று இவள் எழுதிக் கொடுக்காமல் ஒரு கன்றும் பண்ணைக் கேட்டைத் தாண்டக்கூடாது.

போன் அடித்தது. தம்பி.

“அக்கா, ரெண்டு லாரியும் நிக்குது. டிரைவருங்க என்னை முறைக்கிறாங்க. என்னாச்சு?”

“சுத்தம்டா! மருந்துக்குக்கூட ஒண்ணு இல்ல!”

அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவது கேட்டது. “என் வயித்துல பால வார்த்த. வெக்கிறேன்க்கா.”

“டேய், கையெழுத்துப் போட்டு அனுப்புற வரைக்கும்...”

வைத்துவிட்டிருந்தான்.

அடுத்த மேஜை சோடாபுட்டி, தடித்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாகப் புழு பார்க்கிற மனுஷர்.

“என்னம்மா, முகத்துல கல்யாணக் களை? எங்க, காட்டு.” குனிந்தார். நிமிரவில்லை. “இது மண்ணா, மருந்துக்கடைப் பஞ்சா?”

“ஏன் சார்?”

“சாதுங்க எங்க போச்சு?”

நூலம்மா அவரை நகர்த்திவிட்டு மறுபடி குனிந்தாள்.

வேரைக் குடையும் புழுவுக்கு வாயில் ஊசி இருக்கும். ஊசியில்லாத புழுக்களும் உண்டு. மக்கினதைத் தின்று, யார் வம்புக்கும் போகாமல் கிடப்பவை. ஆய்வகத்தில் அவற்றுக்குச் சாதுக்கள் என்று பெயர். உயிருள்ள எந்த மண்ணிலும் சாதுக்கள் இருந்தே தீரும். ஊசிக்காரனைக் காணோம் என்றால் சந்தோஷம். சாதுவையும் காணோம் என்றால்?

பக்கத்துப் புனலைத் திறந்தாள். வேறொரு தோட்டத்து மண். அதே காகிதம், அதே தண்ணீர், கூடவே வைத்தது. தட்டெங்கும் நெளிந்தது. ஆக, தப்பு புனலில் இல்லை.

குப்பைக்கூடையிலிருந்து தம்பி மண் வந்த உறையை எடுத்தாள். நேற்றுப் பிரித்தபோதே உட்புறமெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஐஸ் பெட்டியில் வந்ததுதானே என்று விட்டுவிட்டாள். ஐஸ் பெட்டியில் வந்தால் லேசாகத்தான் வியர்க்கும், இப்படி முத்து முத்தாகவா? அது ஆவி.

“மண்ணை வேக வெச்சிருக்காங்க சார்.”

“யாரு?”

அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. நேற்று மதியச் சாப்பாட்டில் தம்பி பெண்டாட்டி, சோற்றைப் பரிமாறிக்கொண்டே, ‘செத்த புழு காகிதத்தைத் தாண்டி இறங்காதா அண்ணி?’ என்று கேட்டாளே! இவளும் பெரிய மேதாவி மாதிரி, ‘செத்தது எப்படிம்மா இறங்கும்?’ என்று சிரித்தாளே! மண் இருந்த ஐஸ் பெட்டியோ அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாவி, குழம்பு கொதித்த அடுப்பிலேயே காரியத்தை முடித்துவிட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஜீப் சாவியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பண்ணையில் ஒரு லாரிதான் நின்றது. ஆட்கள் கன்றுப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொண்ணு எங்கடா?”

“கிளம்பிடுச்சுக்கா. நீதானே சுத்தம்னு சொன்ன?”

“கையெழுத்து வர்றதுக்கு முன்னாடியா?”

“உன் வாய் வார்த்தையைவிடக் கையெழுத்து பெருசா எனக்கு?”

இறுக்கிக் கட்டின கயிறு மாதிரி இருந்தது அவன் சிரிப்பு. அதற்குள் தம்பி பெண்டாட்டி கொட்டகையிலிருந்து வந்துவிட்டாள்.

“வாங்கண்ணி. என்ன, முகம் கடுகடுன்னு?”

“நேத்து அந்த மண்ணை என்னம்மா பண்ணின?”

“எந்த மண்ணை?”

“நடிக்காத. வேக வெச்சியா இல்லியா?”

ஒரு கணம் விழித்தாள். பிறகு இடுப்பில் கை போனது. “இத்தனை வருஷமா என் சமையல்ல உப்பில்ல, காரமில்லன்னீங்க. பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கு மண்ணைச் சமைச்சேங்கறீங்களா? அதுலயாவது உப்பு சரியா இருந்துச்சா?”

ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்து, அடக்கிக்கொண்டார்.

“அவளை விடுக்கா,” என்று தம்பி குறுக்கே வந்தான். “அந்த மண்ணு வெந்த மண்ணுதான். டிரம்ல ஆவி விட்டுத்தானே நான் பையே நிரப்புறேன்? அப்புறம் புழு எங்கேர்ந்து வரும்?”

நூலம்மாவின் மூச்சு திரும்பியது. ஆமாம், நாற்றுப்பண்ணையில் அதுதானே வழக்கம். கொட்டகை மூலையில் அந்த இரும்பு டிரம் நின்றது. அப்படியும் இருக்கலாம். அப்படியே இருந்துவிட்டால்!

லாரி ஓரத்திலிருந்த ஒரு பையைத் தூக்கினாள். மேல்மண்ணில் பாசி. களை முளைத்திருந்தது. களையைப் பிடுங்கினாள், அதன் அடியிலிருந்து கொழுத்த மண்புழு ஒன்று துள்ளி விழுந்தது.

“ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில நின்ன பைடா இது. ஆவி காட்டினதெல்லாம் பழைய கதை. மண்புழு குடித்தனமே நடத்துது, சாது மட்டும் வராதா?”

“அக்கா, அதைக் கிழிக்காத. வித்த கன்னு.”

நேற்றும் இதையேதான் சொன்னான். கன்றைப் பிடுங்காதே, மண்ணை மட்டும் எடுத்துக்கோ. விதிப்படி சில கன்றுகளையாவது பிடுங்கி வேர் பார்த்திருக்க வேண்டும். தம்பி முகத்துக்காக விட்டாள்.

இன்று கிழித்தாள். மண்ணை உதறி வேரை வெளிச்சத்தில் பிடித்தாள்.

வழவழவென்று ஓடவேண்டிய வேர் முழுக்க முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. சில முடிச்சுகள் சுண்டுவிரல் பருமன்.

தம்பி பெண்டாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். குரலில் எகத்தாளம் போய்விட்டிருந்தது.

“ஏங்க, செத்த புழு இறங்குமான்னு அண்ணிகிட்ட கேளுன்னு என்னை எதுக்குக் கேக்கச் சொன்னீங்க? பெட்டிய நான் ஜீப்ல வெக்கிறேன்னு தூக்கிட்டுப் போனீங்களே, அரை மணி நேரம் எங்க போயிருந்தீங்க?”

அவன் டிரம்மைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

நூலம்மா தூக்கி வளர்த்த பிள்ளை. அவனைச் சந்தேகிக்க ஒரு நொடிகூட மனம் வரவில்லை. வந்தவளைச் சந்தேகிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

“எப்பத் தெரியும்டா?”

“போன மாசம். நாலு கன்னு வாடிச்சு, பிடுங்கிப் பாத்தேன்.” தரையைப் பார்த்தே பேசினான். “இந்தப் பண்ணைய விட்டா எனக்கு என்னக்கா தெரியும்?”

“அந்த லாரி எங்க போகுது?”

அவன் கீழே உதிர்ந்த மண்ணைக் காலால் தள்ளினான்.

“வாயைத் திறடா! பைய கிழிச்சுக் குழியில இறக்கிட்டாங்கன்னா அந்த மண்ணுக்கு விமோசனமே கிடையாது. வாய்க்கால் தண்ணி போற இடமெல்லாம் போகும்.”

“சொன்னா நான் ஒழிஞ்சேன்கா.”

தம்பி பெண்டாட்டி லாரியில் ஏறிச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். புருஷன் எதிரே வந்து நின்றாள்.

“நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடட்டா?”

அவன் அந்த லாரி டிரைவரின் எண்ணைப் போட்டான். போனைக் காதில் வைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். பெண்கள் இருவரும் அவன் காதிலிருந்த போனையே பார்த்தார்கள்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? இறக்கிட்டாங்களா?... குழி வெட்டியாச்சா? வெச்சாச்சா?... இல்லியே? நிறுத்துங்க. ஒரு பையையும் கிழிக்க விடாதீங்க. திருப்பி ஏத்துங்க.” அக்கா கையிலிருந்த வேரைப் பார்த்தான். “கன்னுல புழு இருக்குண்ணே. இல்ல, இப்பத் தெரிஞ்சதில்ல. தெரிஞ்சேதான் அனுப்பினேன்.”

எதிர்முனையில் தோட்டக்காரர்கள் கத்துவது இங்கேவரை கேட்டது.

நூலம்மா கை நீட்டினாள்.

“போனைக் கொடு. சுத்தம்னு வாய்விட்டுச் சொன்னவ நான். மிச்சத்தை நான் வாங்கிக்கிறேன்.”