கேஷ்டோவுக்கு ஆறு உருண்டை

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை ஒளிப்பானேன்? மாடி வீட்டு பவதோஷ் சமாத்தார் மீன்தொட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, தடிப் புத்தகத்தை மடியில் விரித்து, ஒரு மீனைப் பேட்டி கண்டுகொண்டிருந்ததை நான் பார்த்துத் தொலைத்தேன்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல எரிச்சல் ஜாஸ்தியாகுதா? அழுகை வருதா? தனியா இருக்கணும்னு தோணுதா?"

மீன் பதில் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

(கல்கத்தாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் ஹோமியோபதி டாக்டர்கள். மீதிப் பேர் அவர்களின் நோயாளிகள். இருபத்திரண்டு வருஷமாக இங்கே கணக்கு வாத்தியாராக இருக்கும் நான் இரண்டாவது கட்சி.)

2

முதல் தொடக்கம்: 'தண்ணீர் என்பது உயிரின்...' சீ. இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: கேஷ்டோ ஒரு தங்கமீன். முட்டைக்கண், அட்டைக் கறுப்பு. அதனால்தான் கிருஷ்ணன் பெயர்; வங்காளி வாயில் அது கேஷ்டோ. வளர்ப்பவர் நம் மாடி வீட்டு ஹோமியோபதி டாக்டரின் மனைவி சுலேகா. நான் பௌதி என்று கூப்பிடும் அண்ணி. போன மாதம் கேஷ்டோவின் துடுப்புகள் ஓரத்தில் வெளுத்து நார்நாராகக் கிழிந்தன. மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. தொட்டியில் தண்ணீர் மாற்றி நாலு மாதம். கழிவும் மிஞ்சிய தீனியும் அடியில் அழுகி அம்மோனியாவாகி, அது துடுப்பையும் செவுளையும் அரித்து... போதும். பாடம் நடத்துகிற புத்தி போகிறதா பாருங்கள்.

டாக்டரின் வைத்தியம் வேளைக்கு ஆறு சர்க்கரை உருண்டை, தொட்டிக்குள். தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது.

"நோய் வெளிய வருது மொஷாய், பாரும்."

"தண்ணியை மாத்துங்களேன், பவதோஷ்தா." (மொஷாய் என்றால் ஐயா; பெயரோடு ஒட்டிய தா என்றால் அண்ணன்.)

"மாத்தினா மருந்து போயிடுமே."

"நீர்க்க நீர்க்கத்தான் வீரியம் கூடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"மீன் திங்காத மூளை. உமக்கு எங்க புரியப்போவுது?"

இதே மனிதர் தினமும் காலையில் சந்தையில் செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது செத்து எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடுவார். உயிரோடு இருக்கிற மீன்தான் அவருக்குப் பிடிபடாது.

(பௌதிக்கு மூன்று மாதமாக இருமல். கதைக்குச் சம்பந்தமில்லை. அடித்துவிடுகிறேன்.)

3

அடித்தது திரும்பி வந்துவிட்டது. காரணம், இருவருக்கும் ஒரே மருந்துப்பெட்டி. பௌதிக்கும் வேளைக்கு ஆறு உருண்டை. சாயங்காலமானால் காய்ச்சல். மணிக்கட்டில் நிற்க வேண்டிய சங்கு வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது.

குடியிருப்பவர்கள் எல்லோரும் அவரை மாடிப்படியில் மறித்து, பௌதியை நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னோம். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கேஷ்டோ செத்துதுன்னா இந்தப் பெட்டியைக் கங்கையில விட்டுட்டு, மறுநாளே இவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். பொழைச்சுதுன்னா நீங்க எல்லாரும் வாயை மூடிக்கணும்."

கேஷ்டோ பிழைத்துக்கொண்டிருக்கிறது. அவர் சந்தைக்குப் போனதும், பௌதி குழாய் விட்டு அடியழுக்கை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறார். துடுப்பு ஓரத்தில் புதுச் சதை.

"பாத்தீரா? ஆறே உருண்டை!" என்று எனக்குக் காட்டினார் டாக்டர். அன்றே பௌதிக்கு எட்டாக ஏற்றினார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பௌதிக்குக் கற்றுக்கொடுத்தது நான். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்கச் சொன்னதும், தீனியைக் குறைக்கச் சொன்னதும் நான். வாளி என் சமையலறையில்தான் ஒளிந்திருக்கிறது. அப்போது டாக்டர் சபதம் போட்டிருக்கவில்லை.)

4

முடிவு அ: நான் மாடியேறிப் போய் உண்மையைப் போட்டு உடைக்கிறேன். கதாசிரியன் வீரனாகும் முடிவு. இந்தக் கதாசிரியனை எனக்குத் தெரியும். முதுகுவலிக்கு அவரிடம் உருண்டை வாங்கித் தின்றுவிட்டு, "இப்ப தேவலை" என்று பல்லிளித்தவன்.

முடிவு ஆ: பௌதி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கேட்டே விட்டேன்.

"நான் போனா அவர் சோறு தண்ணி தொட மாட்டார். முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன், எனக்குத் தெரியாதா?"

முடிவு இ. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. முந்தாநாள் சொன்னேன்.

"நாலு நாள் தண்ணி மாத்தாதீங்க பௌதி. மத்தது தானா நடக்கும்."

பௌதி தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"அது என் விரல்ல வந்து சாப்பிடுது. அதைக் கொன்னுட்டு நான் வைத்தியம் பாத்துக்கணுமா?" இருமல் வந்தது. முடிய வெகுநேரம் ஆனது. "வேற ஏதாவது சொல்லுங்க. படிச்சவர்தானே நீங்க?"

வேறு ஏதாவது எழுதத்தான் மூன்று தாள் கிழித்தேன். ஒன்றும்...

5

இரண்டு நாளாக பௌதியால் வாளியைத் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறேன்.

இப்போது காலை ஏழரை. டாக்டர் பையை ஆட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். வர அரைமணி ஆகும். நேற்றுப் பிடித்த தண்ணீர் வாளியில் தெளிவாக இருக்கிறது. இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தீர்களே, வாருங்கள், நீங்களே தூக்குங்கள். அல்லது தூக்காமல் இருங்கள். எனக்குக் கை வரவில்லை.

மேலே கதவு திறக்கிற சத்தம். இருமல். பிறகு பௌதியின் குரல்:

"மாஸ்டர் மொஷாய், வாளி வரலையே?"