நாலு மணி பத்து நிமிஷம்

மணி ஒன்று நாற்பது. நர்ஸ் கேட்டதும் அம்மா பல்செட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் கை குறுக்கே வந்தது.

"என் பையன் வந்துக்கிட்டிருக்கான். அவன் மூஞ்சியப் பாத்துட்டுத் தரேன்மா."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்தொன்பது வருடமாக விமான டிக்கெட் போடும் கடையில் வேலை. எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் திரையைப் பார்க்காமலே தூரமும் நேரமும் ஒப்பிப்பாள். கடையில் அவளுக்கு மைல்கல் என்றே பேர். அண்ணன் வேலை பார்க்கும் ஊர் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலு மணி பத்து நிமிஷம். பதினோரு வருடமாக இதைச் சொல்லித்தான் போனில் அவனைக் குத்திக்கொண்டிருந்தாள். காலையில் ஏறினால் மத்தியானம் அம்மா கையால் சாப்பிடலாம், அதற்குக்கூட மனசில்லையா என்பாள். அவன் வாயைத் திறக்க மாட்டான்.

நேற்று டாக்டர், மகன் எப்போது வருவார், அம்மா பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் போக ஆசைப்படுகிறார்களே என்று கேட்டபோதும் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "நம்ம நேரத்துக்கு ஒன்பது மணிக்குக் கிளம்புது சார். ஒண்ணு பத்துக்கு வந்துடும்." அவர் அதை இரண்டு மணிக்குக் குறித்துக்கொண்டு போய்விட்டார். விமானமும் சொன்னபடி வந்துவிட்டது. பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, அதற்கப்புறம் ஒரு மணி நேரச் சாலை எதுவும் அவள் கணக்கில் இல்லை. கடையில் யாராவது கேட்டால் அதெல்லாம் எங்கள் பொறுப்பில்லை சார் என்று கையை விரித்துவிடுவாள். இங்கே யாரிடம் விரிப்பது?

கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று நர்ஸிடம் தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தாள்.

"இன்னைக்கு இந்த நேரத்த விட்டா திங்கக்கிழமைதான்க்கா. அதுவரைக்கும் இவங்க இதயம் தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே."

அவள் வராந்தாவுக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் குரல் கரகரத்தது.

"வரிசைல இன்னும் நாப்பது பேர் இருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினேன். ரூம்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கே மூணு மணி நேரம் பஸ்ஸு."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லலியே."

"நீதான் நாலு மணி பத்து நிமிஷம்னு சொல்லிடுவியே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

அவளுக்குக் கால் வலித்தது. மூன்று நாளாகத் தூங்கவில்லை. அவனைத் திட்டவும் தெம்பில்லை. திட்ட ஒன்றும் இல்லை என்பதுதான் இன்னும் அலுப்பாக இருந்தது. உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்மா. பறக்கற நேரத்தை மட்டும் சொல்லிட்டேன். அவன் வர மூணரை ஆயிடும்."

அம்மா அவளையே பார்த்தாள்.

"பதினோரு வருஷமா அதைத்தானேடி சொல்லிக்கிட்டிருக்க."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று மகளுக்கு இருந்தது. ஆட்கள் தள்ளுகட்டிலை உருட்டினார்கள். இரட்டைக் கதவு வரைக்கும் அம்மா தலையை உயர்த்தி வராந்தாவின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு திறந்ததும் தானே கண்ணாடியைக் கழற்றி மகள் கையில் வைத்தாள்.

"நான் முழிக்கறப்போ மொதல்ல இதை மாட்டிவிடச் சொல்லு. அப்புறமா அவன் கிட்ட வரட்டும்."

கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கையில் போன் அதிர்ந்தது. வரிசையில் இன்னும் பன்னிரண்டு பேர் என்று அண்ணன் அனுப்பியிருந்தான். கண்ணாடியின் இடதுபக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அவள் முந்தானையை எடுத்தாள். துடைக்காமல் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.