புகையிலையில் ஜெயித்த மரபணு

என் மனைவியும் என் அக்காவும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அங்கே பசுமைக்குடிலின் விளக்கு, மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. இரண்டு பக்கமும் இடி வாங்குவது தனி வேலை, அதற்குச் சம்பளம் கிடையாது.

மிளகாய்ச் செடியில் ஒரு மரபணு உண்டு. ஒரு வகை பாக்டீரியா உள்ளே நுழைந்தால், நுழைந்த இடத்துச் செல்களைச் செடியே சாகடித்துவிடும். நோய் அதற்கு மேல் பரவாது. அந்த மரபணுவை பீன்ஸில் வைத்து, அதே நோயிலிருந்து பீன்ஸைப் பிழைக்கச் செய்வதுதான் மனைவியின் வேலை. பிழைத்தால் அவளுடைய ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

முதலில் மரபணுவையும் பாக்டீரியாவையும் புகையிலை இலையில் ஊசியால் ஏற்றிப் பார்த்தாள். இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்; இலை பெரியது, ஊசி ஏற்றச் சுலபம். ஏற்றிய இடம் வட்டமாகக் காய்ந்தது.

"செத்துடுச்சு!" என்று குதித்தாள். சாவுக்குக் கைதட்டும் கூட்டத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்த வாரக் கூட்டத்தில் அக்கா ஒரே வரி சொன்னாள்: "பீன்ஸ்ல இது வேலை செய்யாது." அதுவும் எல்லோர் முன்னாலும். அன்றோடு மனைவிக்கு நாத்தனாரிடம் பேச்சுவார்த்தை நின்றது. வீட்டு விசேஷம் முதல் சாவிக்கொத்து வரை எல்லாத் தகவலும் என் வழியாகத்தான் போய் வந்தது.

பீன்ஸ் வளர்ந்தது. மரபணுவும் உள்ளே பத்திரமாக இருந்தது. பாக்டீரியாவைத் தெளித்ததும் ஒன்று விடாமல் எல்லாச் செடியும் படுத்துவிட்டது. மனைவி அன்று சாப்பிடவில்லை.

ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிற நிலையில், ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவள் என் அக்காவின் மேசைக்குப் போனாள். நான் அங்கே டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னதுதான் நடந்துச்சு, அண்ணி. ஏன்னு சொல்லுங்க."

"அந்த மரபணு கிருமியைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். செல்லைக் கொல்ல இன்னொரு மரபணு துணைக்கு வேணும். மிளகாயும் புகையிலையும் ஒரே குடும்பம், ரெண்டுலயும் அந்தத் துணை இருக்கு. பீன்ஸ் வேற குடும்பம். அங்க ஏது?"

அக்கா ஃப்ரீஸரைத் திறந்து, துணை மரபணு இருந்த சின்னக் குழாயை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டையும் சேர்த்து பீன்ஸ் இலையில் ஏற்றியபோது வட்டம் கச்சிதமாகக் காய்ந்தது. இந்தமுறை மனைவி குதிக்கவில்லை. இலையில் ஜெயித்தால் போதாது. முழுச் செடியாக வளர்த்துக் காட்ட இன்னும் ஒரு வருடம் வேண்டும். குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி அக்காவிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன்."

மனைவி குழாயை மேசைமேல் வைத்தாள். "அப்ப நீங்களே வளத்துக் காட்டுங்க, அண்ணி. அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேன்."

அவள் வெளியே போனதும் அக்கா என்னைப் பார்த்தாள்.

"அவகிட்ட கொஞ்சம் சொல்லுடா."

"நீயே போய்ச் சொல்லுக்கா," என்றேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை.