கட்டியின் மூலை

நாட்டுக்கென்று சொந்தமாக வெள்ளி நாணயம் அடிக்கத் தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை கைமாறியதெல்லாம் பிற நாட்டுக் காசுகள். அவற்றை உருக்கி, ஆயிரம் பங்கில் தொள்ளாயிரம் வெள்ளி, நூறு செம்பு என்று கலந்து புதுக்காசு அடிக்க வேண்டும். மூன்று பங்கு முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் சட்டம் இடம் தராது.

நாணயச்சாலை உலையில் கலப்பது மச்சினன். கலந்தது சரியா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது பரிசோதகர், அவன் அக்காவின் கணவர்.

அவர் முறை எளிது. வெள்ளிக் கட்டியின் மூலையில் உளியால் ஒரு சில்லு வெட்டுவார். அதை ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்துச் சூளைக்குள் தள்ளுவார். ஈயம் உருகி, செம்பையும் கூட்டிக்கொண்டு கிண்ணத்தின் உடம்புக்குள் ஊறிப்போகும். வெள்ளி மட்டும் மிளகளவு மணியாக மேலே நிற்கும். மணியை நிறுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அன்று மணி ஆயிரத்துக்கு எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு என்றது. மூன்று தடவை சோதித்தார். மூன்று தடவையும் அதே பேச்சு.

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "என்ன அத்தான், முகம் தொங்கிப்போச்சு? அக்கா சாப்பாட்டுல உப்பு போட மறந்துட்டாளா?"

"நீ ஊத்தின கட்டியில ஆறு பங்கு குறையுது."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "நான் எடுத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. மணி சொல்லுது."

"உங்க வீட்டுச் சாவியே என்கிட்டதான் இருக்கு. ஒரு கரண்டியாவது காணாமப் போயிருக்கா?"

"ஒரு குடை போச்சு."

"அது இரவல் அத்தான்."

"போனது ஞாபகம் இருக்கு. வந்தது ஞாபகம் இல்ல."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நான்கு மணிக்கு அறிக்கை மேலாளர் மேசைக்குப் போக வேண்டும். வெள்ளி குறைந்தால் எடுத்தது யார் என்றுதான் கேட்பார்கள். உலைக்குப் பக்கத்தில் நிற்பவன் ஒருவன்தான்.

"மேலாளர் முன்னாடி எடை பாத்துத்தான் உலையில போட்டேன்," என்றான் மச்சினன், குரலைத் தாழ்த்தி. "உள்ள போன வெள்ளி எங்க போயிடும்?"

பரிசோதகர் கட்டியைப் பார்த்தார். எங்கேயும் போகாது. அப்படியென்றால் இதற்குள்ளேதான் இருக்க வேண்டும். நேற்றுவரை ஊற்றியவை விரல் கனக் கட்டிகள். இன்றுதான் புதுப் பெரிய அச்சில், செங்கல் கனத்தில் ஊற்றியிருக்கிறார்கள்.

கட்டியின் நடுவே துளை போட்டு, ஆழத்திலிருந்து வந்த தூளைச் சோதித்தார். தொள்ளாயிரத்து மூன்று.

ஒரே கட்டி, ஓரத்தில் ஒரு பேச்சு, நடுவில் ஒரு பேச்சு. இரண்டு உலோகமும் ஒரே சமயத்தில் உறைவதில்லை. கனமான கட்டி மெல்ல ஆறும்போது அவற்றுக்கு விலக நேரம் கிடைக்கிறது. செம்பு மிகுந்த கலவை ஓரத்துக்கு ஒதுங்குகிறது. மெல்லிய கட்டி சட்டென்று ஆறிவிட்டதால் இத்தனை நாள் குட்டு வெளிப்படவில்லை.

"மறுபடி உருக்கு," என்றார். "நல்லாக் கலக்கி, கொதிக்கும்போதே ஒரு கரண்டி அள்ளித் தண்ணியில ஊத்து. பிரிய நேரமே குடுக்காத."

தண்ணீரில் வெள்ளி பொரிபொரியாகச் சிதறியது. அதில் ஒன்றைச் சோதித்தார். தொள்ளாயிரம்.

மூன்றே முக்காலுக்கு அறிக்கையில் எழுதினார்: 'கலவை சரி. நான் மாதிரி வெட்டிய இடம் தவறு. இனி மாதிரி உருகிய நிலையிலேயே எடுக்கப்படும்.' 'நான்' என்ற சொல்லுக்கு முன்னால் பேனா கொஞ்சம் நின்றுதான் நகர்ந்தது.

மறுநாள் காலை மேசைமேல் குடை இருந்தது. பரிசோதகர் விரித்துப் பார்த்தார்.

"மாப்ளே, ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கே."

"ஓரத்துலயா பாத்தீங்க?" என்றது உலைப்பக்கத்துக் குரல். "நடுவுல பாருங்க அத்தான். சரியாத்தான் இருக்கும்."