ராக்கம்மாவுக்கு இருபது புள்ளி

ஜெயராணியின் கணுக்கால் முறிந்தது வலைப்பந்து மைதானத்தில் அல்ல. பதினெட்டு வருடமாக விளையாட்டு டீச்சராக இருந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடியும் ஒரு சுளுக்குக்கூடக் கண்டிராத கால் அது. பாடசாலை விளையாட்டுப் போட்டியின் கடைசியில் ஆசிரியர்களுக்கென்று வைத்த எலுமிச்சம்பழ ஓட்டத்தில் முறிந்தது. வாயில் கரண்டி, கரண்டியில் பழம், கண் இரண்டும் பழத்தின் மேல். எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் மைதானத்து ஓர வாய்க்காலைப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டொக்டர். அம்பிட்டியவில் அவர்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து தொண்ணூற்றாறு படி கீழே இருந்தது. கீழே இறக்கி வைத்த பிறகு மேலே ஏறுவதற்கு வழியில்லை. புருசன் மோகனராஜ் கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்த்தான். காலையில் பாணும் பருப்பும் மேசையில் மூடி வைத்துவிட்டு அவன் போனால் பொழுது சாயத்தான் வருவான். முதல் வாரத்திலேயே ஜெயராணி அலுமாரியை இரண்டு தடவை கலைத்து, கதிரையில் இருந்தபடியே இரண்டு தடவை அடுக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி சுரேஸ் கடுகண்ணாவையிலிருந்து ரயில் பிடித்து வந்தான். அங்கே ஒரு போன் கடையில் வேலை அவனுக்கு. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. தோள் பையிலிருந்து பழைய லாப்டாப் ஒன்றையும், பொத்தான்கள் தேய்ந்துபோன ஒரு கொன்ட்ரோலரையும் எடுத்து வைத்தான்.

"படமா?" என்றாள் ஜெயராணி.

"கேம்க்கா. வோர்ன்ஹால்ட்னு பேரு. பாழடைஞ்ச ஒரு ராச்சியம், அதுக்குள்ள ஏழு காவலாளிங்க. ஏழு பேரையும் சாய்ச்சு உள்ள போவணும். லேசான கேம் இல்ல. பாதிப் பேரு மொத வாசல்லயே விட்டுட்டு ஓடிருவாங்க."

"நீ முடிச்சிட்டியா?"

"ம். போன வருசமே," என்றான் சுரேஸ், வயரைச் சொருகிக்கொண்டே.

மூன்று பேர் சேர்ந்தும் ஆடலாமாம். ஆனால் இந்தப் பள்ளத்தில் இண்டர்நெட் ஒழுங்காக எடுக்காது என்பதால் அக்கா தனியாகத்தான் ஆட வேண்டும் என்றான். முதலில் ஆளை உருவாக்க வேண்டும். கையில் இருபது புள்ளி தருவார்கள். அதைப் பலம், உயிர், மூச்சு, வேகம், மந்திரம், அதிர்ஷ்டம் என்ற ஆறுக்கும் பிரித்துப் போட வேண்டும். எதற்கு எவ்வளவு, கையில் என்ன ஆயுதம், உடம்பில் என்ன கவசம் என்று ஆளைச் செதுக்கி எடுப்பதற்கு ஆட்டக்காரர்கள் மத்தியில் பில்ட் என்று பேர்.

ஜெயராணி யோசிக்கவேயில்லை. ஆறுக்கும் மூன்று மூன்றாகப் போட்டாள். மிச்சமிருந்த இரண்டை அதிர்ஷ்டத்தில் சேர்த்தாள்.

"இப்பிடி யாரும் போட மாட்டாங்கக்கா."

"ஏன்? எதுலயும் கொறையில்லயே."

"எதுலயும் நெறைவும் இல்ல."

முதல் வாசலில் ஒரு நாய் இருந்தது. காவலாளிகூட இல்லை, வெறும் நாய். அது அவளைப் பதினொரு தடவை கொன்றது. ஒவ்வொரு சாவுக்கும் திரையின் மூலையில் ஓர் எண் கூடிக்கொண்டே போனது. பன்னிரண்டாம் தடவைக்கு முன்னால் அவள் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "சரி, புது ஆளு ஒண்ணு போடு," என்றாள்.

இந்தத் தடவை மந்திரத்திலேயே பதினைந்து புள்ளியைக் கொட்டி, காயம் ஆற்றுகிற ஒரு வைத்தியக்காரியைச் செய்தாள். சுரேஸ் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"யாருக்குக்கா மருந்து போடப் போற? நீ மட்டுந்தான் இருக்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வலைப்பந்தில் ஏழு பேர். ஒருத்தி தடுப்பாள், ஒருத்தி ஓடுவாள், ஒருத்தி போடுவாள். எவளிடம் எது இல்லையோ அது இன்னொருத்தியிடம் இருக்கும். அவள் மனசு இத்தனை வருடமும் ஏழு பேரை வைத்தே கணக்குப் போட்டுப் பழகியிருந்தது. இங்கே பந்தைத் தூக்கிப் போட ஆளில்லை.

சுரேஸ் தானே ஒன்றைச் செய்து கொடுத்தான். பலமும் உயிரும் நிறைய, உடம்பு முழுக்க இரும்பு, ஒரு கையில் கேடயம், மறு கையில் ஆள் உயர வாள். "இரும்பு மாடு. தனியா ஆடுறவங்களுக்கு இதுதான் நல்லதுன்னு வீடியோவுல எல்லாரும் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டு மாலை ரயிலுக்குப் போனான்.

இரும்பு மாடு நாயை ஒரே வெட்டில் சாய்த்தது. முதல் காவலாளி திங்கட்கிழமை விழுந்தான், இரண்டாமவன் புதன்கிழமை. ஜெயராணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மோகனராஜிடம் ராச் சாப்பாட்டு நேரத்தில் வெட்டு வெட்டாகச் சொன்னாள். அவன் பருப்பைப் பிசைந்தபடி, "அப்ப நல்லதுதான்," என்றான்.

மூன்றாமவன் பாலத்தில் நின்றான். மணிக்காவலன். சங்கிலியில் கட்டிய பெரிய கோயில் மணி ஒன்றைச் சுழற்றி அடிக்கிறவன். பாலத்தின் ஒரு முனையில் இரும்பு மாடு கால் வைப்பதும், மணி வந்து விழுவதும், கதை முடிவதுமாக ஒரு வாரம் போயிற்று. மூலையிலிருந்த எண் அறுபதைத் தாண்டியது.

அறுபத்து மூன்றாவது சாவுக்குப் பிறகு ஜெயராணி வலைப்பந்துக் குறிப்புக் கொப்பியைத் திறந்து, பின்பக்கத்தில் பாலத்தை வரைந்தாள். பிறகு வெல்வதற்காக ஆடுவதை விட்டுவிட்டுப் பார்ப்பதற்காக ஆடினாள். இடமிருந்து ஓர் அடி, வலமிருந்து ஓர் அடி, தலைக்கு மேலிருந்து ஓர் அடி. மூன்றாவது அடியில் மணி பலகையில் சிக்கிக்கொள்ளும். அதை இழுக்க அவன் முதுகைத் திருப்புவான். இரண்டு வினாடி. கிட்டத்தில் நின்றால் உதைப்பான். தூரத்தில் நின்றால் இரும்பு மாடு போய்ச் சேர்வதற்குள் திரும்பிவிடுவான்.

இருபது பக்கம் எழுதிய பிறகு அவளுக்கு ஒன்று தெளிவாயிற்று. ஆட்டம் புரிந்துவிட்டது. ஆள்தான் தன் ஆள் இல்லை.

புது ஆளுக்கு வேகத்தில் பத்து, மூச்சில் எட்டு, உயிரில் இரண்டு. கவசம் கிடையாது. எறிவதற்கும் குத்துவதற்கும் ஆன ஒரு குட்டை ஈட்டி. கேம் அதற்கொரு பெயர் கேட்டது. அவளுக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஓர் உடம்பு ஒருத்தியிடம்தான் இருந்தது. ராக்கம்மா என்று அடித்தாள்.

ராக்கம்மா அந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கீரை கொண்டுவந்து விற்கிறவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் கூடையோடு தொண்ணூற்றாறு படியையும் மூச்சு வாங்காமல் ஏறி இறங்குவாள்.

போனில் சொன்னபோது சுரேஸ் பதறினான். "உயிர்ல ரெண்டா? ஒரு தட்டுக்குத் தாங்காதுக்கா. செத்துருவ."

"தட்டு பட்டாத்தானடா."

பட்டது. நாயைத் தாண்டவே ஒரு பகல், முதல் இரண்டு காவலாளிகளைத் தாண்ட இன்னும் மூன்று நாள் போயிற்று. ஆனாலும் இந்தச் சாவுகள் அவளுக்கு எரிச்சலாக இல்லை. எங்கே பிசகினாள் என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்கே தெரிந்தது. கால் ஒரு எட்டுப் பிந்தியிருக்கும், அல்லது ஆசைப்பட்டு ஒரு குத்து அதிகம் குத்தியிருப்பாள். பிள்ளைகளிடம் கத்துகிற அதே பிசகுகள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல நிஜ ராக்கம்மா வாசலில் கூடையை இறக்கினாள். வல்லாரை இரண்டு கட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன டீச்சரம்மா, கார்ட்டூனா?"

ஜெயராணி கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். ராக்கம்மா வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து மணி வந்து விழுந்தது.

"செத்தது நானா?"

"ஆமா."

"எத்தன தடவ?"

"இன்னக்கி ஒம்பது."

ராக்கம்மா சற்று யோசித்தாள். "திரும்ப எந்திரிக்கிறேனா?"

"ஒவ்வொரு தடவயும்."

"அப்பச் சரி, அடிங்க," என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் கீரை விற்று முடித்து, கடைசியாக இந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பிளேன்டீ குடித்தபடி பார்ப்பாள். கேம் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரிந்தது. மூன்றாம் நாள், "டீச்சரம்மா, அவன் மூணாவது அடி அடிக்கிறதுக்கு முந்தி எடது தோள எறக்குறான் பாத்தீங்களா?" என்றாள். ஜெயராணி பார்க்கவில்லை. இருபது பக்கத்தில் எங்கேயும் அது இல்லை. அடுத்த ஆட்டத்தில் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது. மணி மேலே போகும்போதே ஓட ஆரம்பித்தாள். மணி பலகையில் விழுந்தபோது அவள் அவனுடைய முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

நான்கு குத்து. பின்வாங்கல். மறுபடி இடம், வலம், தோள், ஓட்டம். ராக்கம்மாவின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேத்தண்ணி சீமெந்துத் தரையில் வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. ஆறு நிமிடம் ஆயிற்று. மணிக்காவலன் முழங்காலில் விழுந்து, பிறகு முகம் குப்புற விழுந்தான்.

ஜெயராணி கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் மேலே தூக்கினாள். மாகாணப் போட்டியில் அவளுடைய அணி ஜெயித்த அன்றைக்குத் தூக்கிய மாதிரி. ராக்கம்மா எழுந்து திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு, "நம்மளா?" என்றாள்.

"நம்மதான்."

உடனே சுரேசுக்குப் போன் போட்டாள். "டேய், மணிக்காவலன் காலி. உயிர்ல ரெண்டே ரெண்டு வச்சு."

அந்தப் பக்கம் யாரோ விலை கேட்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிக்கா. கடையில ஆளுங்க நிக்கிறாங்க," என்று வைத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தவன் வரவில்லை. வேலை என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது.

"என்னாச்சு இவனுக்கு?" என்று அவள் மோகனராஜிடம் கேட்டாள்.

மோகனராஜ் தலையைச் சொறிந்தான். "ஒனக்குத் தெரியாதா? அவன் அந்தப் பாலத்த இன்னும் தாண்டல. பதினோரு மாசமா அங்கதான் நிக்கிறான். தீவாளிக்கு வந்தப்ப என்கிட்ட சொல்லி அழாத கொற."

"முடிச்சிட்டேன்னு சொன்னானே."

"தம்பி அக்காகிட்ட வேற என்ன சொல்லுவான்?"

ஜெயராணிக்கு முகம் சூடாயிற்று. கோபம் இல்லை. போனில் தான் கூவிய கூவலை நினைத்து வந்த கூச்சம். இரண்டு நாள் லாப்டாப்பைத் திறக்கவில்லை. நான்காவது காவலாளியைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் போல அவனிடம் யோசனை கேட்கலாமா என்று நினைத்துப் பார்த்தாள். அது அவனைச் சின்னப்பிள்ளையாக்குவது போல இருந்தது, விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் போன் பண்ணி, "பௌர்ணமி போயா லீவுக்கு வா. கொன்ட்ரோலர் பொத்தான் ஒண்ணு இறுகுது," என்று மட்டும் சொன்னாள். அது உண்மையும்கூட.

போயாவன்று சுரேஸ் ஒரு பை நிறைய ரம்புட்டானோடு வந்தான். பொத்தானைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பிறகு அவளைப் பார்க்காமலேயே சொன்னான்.

"நான் அவன அடிச்சதே இல்லக்கா."

"தெரியும்."

"மச்சான் சொன்னாரா?"

"ம்."

சுரேஸ் ஒரு ரம்புட்டானை உரித்தான். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். "பதினாலு பில்ட் மாத்திட்டேன். எல்லாம் வீடியோவுல பாத்தது. அவங்க அடிச்சா விழுறான். நான் அடிச்சா விழ மாட்டேங்கிறான். ஒவ்வொரு தடவ தோத்ததும், ஆளு சரியில்லன்னு ஆளையே அழிச்சிட்டு வேற செய்வேன்."

"நானும் மூணு மாத்தினேன். இந்தா, என் ஆள வச்சு அடி."

அவன் ராக்கம்மாவை எடுத்து ஆடினான். ஆறு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அவன் கைக்கு அந்த ஓட்டம் வரவில்லை. கடையில் சின்னச் சின்னத் திருகாணிகளை நிதானமாகக் கழற்றிப் பழகிய கை அது. அவனே அதைச் சொன்னான்: "எனக்கு ஓடத் தெரியாதுக்கா. நிக்கத்தான் தெரியும்."

"அப்ப நில்லு. உதைச்சாலும் விழாம நிக்கிறதுக்கு என்ன வேணும்?"

சுரேஸ் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இரும்பு மாட்டைப் புதிதாக ஆரம்பித்து, பலத்தில் பாதியைப் பிடுங்கி மூச்சில் போட்டான். எந்த வீடியோவிலும் அப்படி இல்லையாம். மூச்சு இருந்தால் கேடயத்தைப் பிடித்த பிடி தளராது. பாலம் வரைக்கும் வரவே பகல் சாப்பாடு தாண்டிவிட்டது. பாலத்தில் நான்கு தடவை செத்தான். ஐந்தாவது தடவை காவலனுக்கு ஒட்டி நின்று, உதை ஒவ்வொன்றையும் கேடயத்தில் வாங்கிக்கொண்டு, அவன் தோள் இறங்கும் வரை காத்திருந்து, முதுகு திரும்பியதும் ஒரே ஒரு வெட்டு. மறுபடி காத்திருப்பு. பார்க்க உயிர் போகிற மாதிரி மெதுவாக இருந்தது. ஜெயராணி "இப்ப, இப்ப" என்று சொல்ல வாய் துடித்தும் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அடுப்பில் பருப்பு வைத்த மோகனராஜ் கரண்டியோடு வந்து கதவடியில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

பத்தொன்பது நிமிடம். காவலன் விழுந்தான். சுரேஸ் கொன்ட்ரோலரை மெல்ல மேசையில் வைத்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பதினொரு மாதம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"மாப்ள, பருப்பு அடிப்பிடிச்சிருச்சு," என்றான் மோகனராஜ்.

"பரவால்ல மச்சான், அதையே போடுங்க."

மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். திரையில் பாலத்துக்கு அப்பால் ஒரு பனிமூட்டமான பாதை தெரிந்தது.

"அடுத்தவன் யாருடா?" என்றாள் ஜெயராணி.

"தெரியலக்கா," என்றான் சுரேஸ். வாய் நிறையச் சோற்றோடு, சந்தோசமாக.